இரும்பை இணைத்த கதை

நொய்யலாற்றின் வடகரையில், திருப்பூருக்குக் கிழக்கே சென்னிமலையை அடுத்துள்ள கொடுமணல் என்னும் சிற்றூரில், 1980-களின் நடுவிலிருந்து நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டபோது, கொங்கு நாட்டார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலோக வித்தையில் தேர்ந்திருந்தனர் என்ற செய்தி நியாயமாகவே பெருமிதத்துடன் பேசப்பட்டது. ஆயினும் இரும்பை உண்டாக்குவது ஒரு வித்தை. உண்டான இரண்டு இரும்புத் துண்டுகளை, அவை முன்பு இரண்டாக இருந்தன என்ற அடையாளமே தோன்றாதவாறு ஒன்றாக்குவது மற்றொரு வித்தை. முன்னதைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். பின்னதோ பெரும்பாலும் பட்டறையின் புகைக்குள்ளும் பாய்லர் அறையின் உஷ்ணத்திற்குள்ளும் நடந்த காரியமாதலால், எழுதுவோரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. கட்டை வண்டியின் சக்கரப் பட்டையில் தொடங்கி, சாயப்பட்டறையின் நீராவிக் குழாய் வழியாக, வயலுக்கு அடியில் செல்லும் எரிவாயுக் குழாய் வரை வந்திருக்கும் அந்த இரண்டாவது வித்தையின் வரலாற்றைத் திருப்பூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் வருவதற்கு முன் இப்பக்கத்துக் கிராமங்களில் இரும்பை ஒட்டுவதற்குக் கொல்லன் உலையைத் தவிர வேறு சாதனம் இருந்ததில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட வேண்டுமானால், நீண்ட இரும்புப் பட்டையை வளைத்து, அதன் இரு முனைகளையும் சரிவாகத் தட்டி மெலிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, துருத்தி ஊதிய கரி நெருப்பில் வெள்ளை நிறம் கண்டு பொறி பறக்கும் வரை காய்ச்சுவார்கள். அந்த நிலையில் இரும்பின் மேல் படியும் துருப்படலம் ஒட்டுதலுக்குப் பரம விரோதி. ஆகையால் நுண்ணிய மணலையோ வெண்காரத்தையோ தூவி, அந்தப் படலத்தை உருகிய கசடாக மாற்றி, சம்மட்டியின் முதல் அடியிலேயே அது இடுக்கிலிருந்து தெறித்து வெளியேறும்படி செய்வார்கள். உலையிலிருந்து எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்து அடிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் சில விநாடிகளே. நிறம் ஒரு படி குறைந்தால் ஒட்டாது. ஒரு படி மிகுந்தால் இரும்பு எரிந்து பொரியாகிவிடும்.

இந்த முறையில் ஒட்டுவதற்கு மெல்லிரும்பு இணங்கும். கரி மிகுந்த எஃகு எளிதில் இணங்காது. வாளுக்கும் உளிக்கும் கூர்மையைத் தந்த அந்தக் கரிச்சத்தே ஒட்டும் இடத்தில் கேடாக முடியும் என்ற உண்மையைக் கொல்லர்கள் ரசாயன சாஸ்திரம் படிக்காமலேயே அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இன்று எரிவாயுக் குழாய்க்கு உரிய எஃகைத் தயாரிக்கும் ஆலைகள், வலிமைக்காகக் கரியை நம்பாமல், கரியைப் பெரிதும் குறைத்து, நியோபியம் போன்ற உலோகங்களை மிகச் சிறிய அளவில் சேர்த்து, உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தி உருட்டுவதன் மூலமே அந்த வலிமையைப் பெறுகின்றன. வலுவான எஃகு வேண்டும், அது பற்றவைப்புக்கும் இணங்க வேண்டும் என்ற இரட்டைத் தேவை பிறந்த பிறகே இந்த மாறுதல் நிகழ்ந்தது.

கொல்லனின் ஒட்டு உறுதியானதா என்பதைத் தீர்மானித்தவர் யார்? முதலில் அவனுடைய கண்ணும் காதும். பிறகு வண்டிக்காரனின் அனுபவம். பட்டை விட்டுப்போனால் வண்டி எங்கே நின்றாலும் பழி அந்தப் பட்டறைக்கே வந்து சேரும். ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்த இருவருக்கிடையே நடந்த அந்தக் காரியத்தில், பரிசோதனை என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. நீராவி வந்தபோதுதான் அந்த ஏற்பாடு குலைந்தது. மூட்டு விட்டுப்போனால் சேதம் அதைச் செய்தவனையும் வாங்கியவனையும் கடந்து, அருகில் ஒன்றுமறியாமல் நின்றவர்களையும் தாக்கும் என்ற நிலைமை அப்போது ஏற்பட்டது.

கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் 1888-இல் எழுந்த நூற்பாலை இப்பகுதியின் ஆலைத் தொழிலுக்கு ஆதியாகக் கொள்ளப்படுகிறது. நீராவியால் இயங்கிய அக்காலத்து ஆலைகளின் பாய்லர்கள் இரும்புத் தகடுகளை விளிம்போடு விளிம்பு படியவைத்து, துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டு ஆணிகளை அடித்து இறுக்கிச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு துளையும் தகட்டைப் பலவீனப்படுத்தும். விளிம்பு வழியே கசியும் நீர் துருவை வளர்க்கும். ஆணியின் தலைக்கு அடியில் மறைந்து வளரும் வெடிப்பு, பாய்லர் வெடித்த பிறகே கண்ணுக்குத் தெரியும். இங்கிலாந்தில் இத்தகைய விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்ததனால் 1854-இல் மான்செஸ்டர் நகரத்து ஆலை முதலாளிகள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, தங்கள் பாய்லர்களை வெளியாள் ஒருவர் வந்து பார்வையிட ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் 1863-இல் கல்கத்தாவில் நேர்ந்த கொடிய பாய்லர் விபத்தே, மறு ஆண்டு வங்காளச் சட்டசபையில் பரிசோதனைச் சட்டம் கொண்டுவரப்படக் காரணமாயிற்று. மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றுபடுத்தி 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது.

இந்தச் சட்டங்களின் சாரம் மிக எளியது. மூட்டைச் செய்தவனுடைய சொல்லே அதற்கு அத்தாட்சி ஆகாது. செய்தவனும் வாங்கியவனும் அல்லாத மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து, தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்திற்கும் மேலாக அழுத்திப் பார்த்து, கையொப்பமிட வேண்டும். கேட்பதற்கு இவ்வளவு சாதாரணமாக இருக்கும் இந்த ஏற்பாடே, உலோகத்திலும் யந்திரத்திலும் பின்னர் விளைந்த முன்னேற்றங்களையெல்லாம் தாங்கி நின்ற அடித்தளம் என்பது என் கருத்து. இணைப்பின் உறுதி வளர்ந்த வரலாறு, கைவினைஞர் தம் வேலையைப் பிறர் சோதிப்பதற்குப் படிப்படியாக ஒப்புக்கொடுத்த வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி மின்சாரத்தின் கதைக்கு வருவோம். 1880-களில் ரஷ்யாவில் நிகலாய் பெனார்டோஸ் என்பவர் கரித்தண்டுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை எழுப்பி இரும்பை உருக்கி ஒட்டிக் காட்டினார். பின்னர் கரித்தண்டுக்குப் பதிலாக இரும்புக் கம்பியே உருகி மூட்டில் இறங்கும் முறை வந்தது. ஆனால் வெறுங்கம்பியால் இட்ட பற்று கண்ணாடி போல நொறுங்கியது. மின்வில்லின் உஷ்ணத்தில் உருகிய இரும்பு, சுற்றியுள்ள காற்றிலிருந்து பிராணவாயுவையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டதே அதற்குக் காரணம். சுவீடன் நாட்டு எஞ்சினியர் ஆஸ்கார் ஷெல்பர்க் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்பியின் மேல் ஒரு பூச்சைப் பூசினார். பூச்சு எரிந்து புகையாகி உருகிய குட்டையைக் காற்றிலிருந்து மறைத்தது; எஞ்சியது கசடாக மேலே படர்ந்து, உலோகம் மெல்ல ஆறும்படி போர்த்துக் காத்தது. கொல்லன் தூவிய வெண்காரத்தின் வேலையை இப்பொழுது 'ராடு' எனப்படும் அந்தப் பூசிய கம்பியே சுமந்து வந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஏ. ஓ. ஸ்மித் கம்பெனி காகிதம் சுற்றிய ராடுகளைப் பயன்படுத்திற்று. காகிதத்தின் சாரம் செல்லுலோஸ். பருத்தியின் சாரமும் அதுவே. பனியன் துணிக்கு நூலாகும் அதே வஸ்து, ராடின் பூச்சில் மரக்கூழாகச் சேர்ந்து எரியும்போது ஹைட்ரஜனையும் கரிவாயுக்களையும் வெளிப்படுத்தி, மின்வில்லுக்கு ஆழத் துளைக்கும் வேகத்தைக் கொடுக்கிறது. குழாய் மூட்டின் அடிப்பகுதி வரை உலோகம் உருகிச் சேர்வதற்கு அந்த வேகமே துணை. அதனால் இன்றளவும் நெடுந்தூரக் குழாய்களில் கையால் பற்றவைக்கும் இடங்களில் செல்லுலோஸ் ராடுக்கு மதிப்புக் குறையவில்லை. எனினும் அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி உருகிய எஃகுக்குள் புகுந்து, ஆறிய பிறகு கடினமான இடங்களில் சேர்ந்து, பல மணி நேரம் கழித்தும், சில சமயம் ஓரிரு நாள் கழித்தும் வெடிப்பாக வெளிப்படும். வேலை முடிந்தவுடன் குற்றமற்றதாகத் தோன்றும் மூட்டு மறுநாள் பார்க்கும்போது பிளந்திருக்கக்கூடும் என்பதை உணர்ந்த பிறகே, வலிமை மிகுந்த எஃகுகளில் பரிசோதனையைத் தாமதித்துச் செய்யும் வழக்கம் நிலைபெற்றது.

பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் மலையிறங்கிக் கோவைச் சமவெளிக்கு வந்தது. ஆலைகளும் கிணற்றுப் பம்புகளும் அதனால் பெருகிய கதை பலரும் அறிந்தது. பம்பும் மோட்டாரும் செய்த லேத் பட்டறைகளின் பக்கத்திலேயே வெல்டிங் பட்டறைகளும் தோன்றி, உழவு யந்திரத்தின் உடைந்த பாகங்களிலிருந்து விசைத்தறிச் சட்டம் வரை எதையும் பற்றவைத்துக் கொடுத்தன. ஆனால் தறிச் சட்டத்தை ஒட்டுவதும் அழுத்தம் தாங்கும் குழாயை ஒட்டுவதும் ஒரே ராடினால் நடந்தாலும் ஒரே தொழில் ஆகா. இந்த வேறுபாட்டை மேலைநாடுகள் பெரும் விலை கொடுத்தே கற்றன. 1905-இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரத்துச் செருப்பு ஆலை ஒன்றில் பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியே, அமெரிக்க யந்திர எஞ்சினியர்கள் சங்கத்தின் பாய்லர் விதித்தொகுப்பு 1914-15-இல் உருவாகக் காரணமாயிற்று. பாய்லரின் உடலை ரிவெட்டு இன்றிப் பற்றவைக்கலாம் என்று அந்தத் தொகுப்பு 1930-களின் தொடக்கத்தில் அனுமதித்தபோது, மூட்டு முழுவதையும் எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே விதித்தது. பற்றவைப்புக்கு மரியாதை கிடைத்ததும் அதன் உட்புறம் வெளிச்சத்துக்கு வந்ததும் ஏககாலத்தில் நிகழ்ந்தவை.

1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்துத் துறையில் அமைதியாக நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், ஒரு குளிர்ந்த இரவில் திடீரென நடுவே பிளந்தது. ரிவெட்டுக் கப்பலில் ஒரு தகட்டில் தோன்றிய வெடிப்பு அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். முழுவதும் பற்றவைத்த கப்பலிலோ உலோகம் ஒரே தொடர்ச்சியாக இருப்பதால், வெடிப்பு தடையின்றி ஓடும். இணைப்பு பூரணமாக இருப்பதே அபாயத்துக்கும் வழி திறக்கக்கூடும் என்ற இந்தப் பாடத்திலிருந்துதான், குளிரிலும் நொறுங்காத எஃகைத் தேர்ந்தெடுக்கும் முறைகளும், சுத்தியலால் மாதிரித் துண்டை உடைத்து அதன் தாங்குதிறனை அளக்கும் சோதனைகளும் கட்டாயமாயின. கப்பலுக்காகக் கற்ற இந்தப் பாடம் குழாய்க்கும் அப்படியே பொருந்திற்று.

எரிவாயுக் குழாய்களின் வரலாறு அதற்கு முன்பே வேகம் பெற்றிருந்தது. 1911-இல் பிலடெல்பியா நகரையொட்டி 11 மைல் நீளக் குழாயை ஆக்ஸி-அசெட்டிலின் சுடரால் ஒட்டிப் பார்த்த அமெரிக்கர்கள், 1925-இல் லூசியானாவிலிருந்து டெக்ஸாஸ் வரை 200 மைலுக்கும் மேற்பட்ட தூரத்துக்கு முற்றிலும் பற்றவைத்த எரிவாயுக் குழாயைப் பதித்தார்கள். அதுவரை திருகு மரைகளாலும் இறுக்குப் பட்டைகளாலும் இணைத்த குழாய்களில் வழியெங்கும் வாயு கசிவது சகஜமாகக் கருதப்பட்டது. குழாய்ப் பற்றவைப்புக்கென்றே அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் 1104-ஆம் எண் தரவிதி 1953-இல் முதன்முதலாக வெளிவந்தது. இந்தியாவில் குழாய் பதிப்பவர்களுக்கும் இன்றுவரை அதுவே முக்கிய ஆதார நூல். நம் நாட்டில் 1984-இல் தோன்றிய கெயில் நிறுவனம், ஹஜீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் விஜய்ப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் வரை 1,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாயை அந்தப் பத்தாண்டிலேயே பதித்து, எரிவாயுவைப் பிரதேசம் கடந்து அனுப்பும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது.

தமிழ்நாட்டில் இந்த வித்தைக்குத் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. திருவெறும்பூரில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும், அதன் வளாகத்திலேயே ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு 1975-இல் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, பரீட்சை எழுதித் தேறிய வெல்டர் என்ற ஒரு புதிய ஜாதியையே தென்னாட்டில் உண்டாக்கின. சான்றிதழ் உள்ள வெல்டருக்கு ஆலையில் கிடைத்த மதிப்பு வேறு. வளைகுடா நாடுகளில் கிடைத்த ஊதியம் வேறு. அவர்களில் ஒரு பகுதியினர் சிறு பட்டறைகளை அமைத்துக்கொண்டனர். அவர்கள் பழக்கிய கைகள் கோவை, ஈரோடு, திருப்பூர் ஆகிய ஊர்களின் பாய்லர் வேலைக்குப் பரவின.

திருப்பூரில் அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தது சாயப்பட்டறை. 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகளின் வருகையோடு பின்னலாடை ஏற்றுமதி விரிந்தபோது, துணியைத் தோய்க்கவும் வெளுக்கவும் உலர்த்தவும் நீராவி தேவைப்பட்டது. விறகு எரியும் பாய்லரிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறையப் பத்துக் கிலோ அழுத்தத்தில் புறப்படும் நீராவி, குழாய் வழியே ஒவ்வொரு யந்திரத்துக்கும் போகும். 3.5 கிலோ அழுத்தத்துக்கு மேற்பட்ட நீராவிக் குழாய், சட்டப்படி பாய்லருக்குரிய விதிகளுக்கே உட்பட்டது. 1950-இல் தொகுக்கப்பட்ட அந்த விதிகளின் சுருக்கப் பெயரை முன்னொட்டாக்கி, அந்தக் குழாயை 'ஐ.பி.ஆர். லைன்' என்றும் அதைப் பற்றவைக்கத் தகுதி பெற்றவரை 'ஐ.பி.ஆர். வெல்டர்' என்றும் பட்டறைகளில் அழைப்பார்கள்.

அந்தக் குழாயில் மூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தம் அன்று, உஷ்ணமே. நூறு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய், காலையில் முப்பது டிகிரியிலிருந்து நூற்றெண்பது டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதற்காகக் குழாயை நடுவே வளையமாக மடக்கி 'லூப்' அமைக்காவிட்டால், நீளும் குழாய் தன் மூட்டுகளையே தள்ளிக் கொல்லும். இரவில் பாய்லர் நின்று குளிர்ந்த குழாயில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல், காலையில் அவசரமாக வால்வைத் திறப்பவர், அந்தத் தண்ணீரை நீராவி தூக்கியெறிந்து வளைவுகளில் மோதும் பேரிடியையும் கேட்பார். கசிவு கண்ட மூட்டை, லைனை நிறுத்தாமல், பழைய பற்றின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசி மூடுவதும் அவசரத்தில் நடக்கும் காரியமே. வெடிப்பைக் கிரைண்டரால் அடிவரை தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் பழுது நீங்கும்; மேலே பூசினால் வெடிப்பு உள்ளேயே இருந்துகொண்டு, பூசியவரின் பெயரைக் கெடுக்க நல்ல நாள் பார்த்திருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டெடுக்கும் முறை கட்டாயமான பின், உப்பு நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆவியாக்கிகளும் சேர்ந்துகொண்டன. உப்பும் உஷ்ணமும் கூடிய அந்த இடத்தில் மூட்டின் ஆயுளைப் பற்றிய கவலை இன்னும் அதிகமாயிற்று.

நீராவிக் குழாயில் கற்ற பாடத்தை எரிவாயுக் குழாய் பலமடங்கு கண்டிப்பாகக் கேட்கிறது. குழாயின் நீளம் சாதாரணமாக 12 மீட்டர். ஆகவே, பின்னர் சொல்லப்போகும் கொங்கு நாட்டுக் குழாயின் 310 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய இருபத்தாறாயிரம் மூட்டுகள் வேண்டும். அவற்றுள் ஒரு மூட்டைக் கிட்ட நின்று பார்ப்போம். இரு குழாய்களின் முனைகளும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முப்பது டிகிரி சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கூர்மை மழுங்க விடப்பட்டு, இரண்டுக்கும் நடுவே அதே அளவு இடைவெளி வைக்கப்படும். குழாய்க்குள் ஒரு பிடிப்பான் விரிந்து இரு முனைகளையும் சமவட்டமாக நிறுத்தும். ஒரு முனை மற்றதைவிடச் சற்று மேலேறி நின்றால், பின்னாளில் அந்தப் படியிலேதான் பாரம் குவியும். வெல்டர்கள் இருபுறமும் மண்டியிட்டு, உச்சியிலிருந்து அடிவரை கீழ்நோக்கி இழுத்து, முதற் பற்றை இடுகிறார்கள்; தொழிலாளர் பேச்சில் அது 'ரூட்'. ராடின் முனையில் சாவித் துவாரம் போல ஒரு சிறு திறப்பு கூடவே நகர்ந்து வரவேண்டும். அது மூடினால் உள்விளிம்பு உருகவில்லை என்று பொருள், பெரிதானால் உலோகம் உள்ளே ஒழுகிவிடும். ரூட்டின் கசடைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்த உடனேயே, ஆறுவதற்குச் சில நிமிஷங்கள்கூடக் கொடுக்காமல், இரண்டாம் பற்றாகிய 'ஹாட் பாஸ்' இடப்படுகிறது. அதன் உஷ்ணம் முதற் பற்றைப் பதப்படுத்தி, சிக்கிய கசடை உருக்கி வெளிக்கொணர்ந்து, உட்புகுந்த ஹைட்ரஜன் வெளியேற அவகாசம் தருகிறது. அதன்மேல் நிரப்புப் பற்றுகள். கடைசியில் தகட்டின் மட்டத்தினின்று மெல்ல உயர்ந்த 'கேப்பிங்'.

ராடைப் பேணுவதிலும் ஒரு நியமம் உண்டு. நீராவிக் குழாய்களுக்கு வழங்கும் 7018 ராடு ஈரத்தைச் சிறிதும் பொறுக்காது. அதை முன்னூறு டிகிரிக்கு மேல் உலையில் காயவைத்து, சிறு சூட்டுப்பெட்டியில் இருந்தே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். செல்லுலோஸ் ராடின் இயல்பு இதற்கு நேர்மாறு. அதன் பூச்சில் சிறிதளவு ஈரம் இருந்தால்தான் மின்வில் செம்மையாக எழும். காயவைத்தால் பூச்சே கெட்டுவிடும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்கும் பட்டறையில், வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், மூட்டு மோசமாகவே அமையும்.

பற்று முடிந்ததும் பரிசோதகர் வருகிறார். அணு உலைகளில் தயாராகும் இரிடியம்-192 என்னும் கதிரியக்கப் பொருளின் கதிர்களைக் குழாய்ச் சுவரினூடே செலுத்தி மறுபுறம் படம் எடுத்தால், காற்றுப் புரைகள் புள்ளிகளாகவும், அடிவரை உருகாத இடம் நேர்க்கோடாகவும் தெரியும். கதிருக்குத் தப்பும் மெல்லிய வெடிப்புகளை மீயொலி அலை கண்டுபிடிக்கும். அப்புறம் குழாயில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்துக்குக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுதலாக ஏற்றி, ஒரு நாள் முழுவதும் நிறுத்திப் பார்க்கிறார்கள். இப்படிச் சோதித்த இரண்டு பகுதிகளைக் கடைசியில் இணைக்கும் மூட்டை மட்டும் தண்ணீரால் சோதிக்க வழியில்லை. அதைத் தொழிலாளர் 'கோல்டன் ஜாயிண்ட்' என்பார்கள். கதிராலும் ஒலியாலும் இரண்டு தரம் சோதித்தே அதற்கு அனுமதி தருவார்கள்.

இவ்வளவும் வலிமைக்கு. நீடித்த ஆயுளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆலையில் பூசிய பாலித்தீன் உறை மூட்டின் இடத்தில் மட்டும் திறந்திருப்பதால், அங்கே சூட்டில் சுருங்கும் உறையைச் சுற்றி, மின் சோதனையால் ஊசித்துளையும் இல்லை என்று உறுதிப்படுத்துகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எரிவாயுக் குழாய்களில் ராபர்ட் கூன் 1928-இல் நிலைநாட்டிய வழிப்படி, குழாயில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மண்ணோடு ஒப்பிட அதன் மின்னழுத்தத்தை எதிர்ப்புறமாக 0.85 வோல்ட்டுக்குக் குறையாமல் வைத்திருந்தால், உறை கிழிந்த இடத்திலும் துரு தலையெடுக்காது.

இனி ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் அதன் சுற்றளவில் விளைவிக்கும் இழுவிசை, நீளவாக்கில் விளைவிப்பதைப்போல இரண்டு மடங்கு. ஆகவே வயலில் இடும் வட்ட மூட்டைவிட, ஆலையில் தகட்டை உருளையாக்கி நீளவாக்கில் மூடிய பற்றுக்கே அழுத்தத்தின் பாரம் அதிகம். வட்ட மூட்டைச் சோதிப்பது மண் இறங்குதலும் வளைவும் முனைகள் சரியாகப் பொருந்தாமையுமே. 2010 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் வெடித்த குழாய் 1956-இல் பதித்தது. அதன் நீளவாக்குப் பற்று வெளிப்புறத்தில் மட்டும் இடப்பட்டு உட்புறம் உருகாமல் விடப்பட்டிருந்தது. எட்டுப் பேர் மாண்டனர், 38 வீடுகள் அழிந்தன. விசாரணையில் வெளியான விஷயம் இதைவிடத் திகைப்பூட்டுவது: கம்பெனியின் பதிவேடு அந்தக் குழாயைப் பற்றே இல்லாத குழாய் என்று குறித்திருந்தது. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் அந்த மூட்டு இருப்பதே காகிதத்தில் இல்லை. இல்லாத மூட்டை யார் சோதிப்பார்?

இந்தப் பின்னணியில்தான் கொங்கு நாட்டின் சமீப காலச் சம்பவத்தைக் காண வேண்டும். கொச்சியின் திரவ எரிவாயு முனையத்திலிருந்து பெங்களூருக்கு வாயுவைக் கொண்டுசெல்லும் கெயில் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களின் ஊடாக ஏறக்குறைய 310 கிலோமீட்டர் தூரம் செல்வதாகத் திட்டமிடப்பட்டது. 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி நிலம் விவசாயிக்கே உரியது. அதன் அடியைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு ஈடாக நில மதிப்பில் பத்து சதவீதமும் பயிர்ச் சேதமும் தரப்படும். 20 மீட்டர் அகலத்துக்குள் வீடு கட்டவோ ஆழ வேரோடும் மரம் வைக்கவோ கூடாது என்றபோது, தென்னையும் கிணறுமாக வாழ்ந்த குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2013-இல் தமிழக அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்லும்படி கூறிற்று. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளிற்று. 2016 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றமும் கெயிலுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்னும் ஊரில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஈரம் நீக்காத வாயுவை அனுப்பியதும், அதனால் குழாய் உள்ளிருந்தே அரித்துப்போனதும் விசாரணையில் குறிப்பிடப்பட்டன. அங்கே பழி வெல்டரின் கையைச் சேரவில்லை. ஆண்டுதோறும் குழாயைப் பார்க்க வேண்டியவர்களின் கண்ணைச் சேர்ந்தது.

நிபுணர்கள் விவசாயிகளின் அச்சத்தை அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் வண்டிக்காரனுக்குத் தன் கொல்லனைத் தெரியும். ஆலை முதலாளிக்குத் தன் பாய்லர் இன்ஸ்பெக்டரைத் தெரியும். தோட்டத்துக்கு அடியில் புதைந்த மூட்டை எவர் இட்டார், எவர் படம் எடுத்தார், கடைசியாக எப்போது குழாய்க்குள் சோதனைக் கருவி ஓடிப் பார்த்தது என்பதை அறிய அந்தத் தோட்டத்துக்காரருக்கு மட்டும் வழியில்லை. திருப்பூரின் ஏற்றுமதிக் கம்பெனிகளில் தைத்தவரே தம் தையலுக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. செக்கிங் மேசை தனியாக இருக்கிறது, வாங்குபவரின் ஆள் வந்து மறுபடியும் பிரித்துப் பார்க்கிறார். அதை எவரும் அவமானமாக நினைப்பதுமில்லை. அந்த ஒழுங்கின் பலனை உலகச் சந்தையில் அனுபவிக்கும் ஊர், தன் நிலத்துக்கடியில் போகும் குழாய்க்கும் அதே ஒழுங்கைக் கேட்பது நியாயமே.

மான்செஸ்டர் ஆலைக்காரர் முதல் சான் புரூனோ விசாரணைக்குழு வரை இந்த வரலாறு கற்பிப்பது இதுதான்: எஃகு மேம்பட்டது, ராடு மேம்பட்டது, கையும் தேர்ச்சி பெற்றது; எனினும், மூட்டின் பிறப்பும் பரிசோதனையும் எழுத்தில் பதியப்பட்டு, பாதிக்கப்படக்கூடியவர் அதைக் கேட்டுப் பார்க்க முடிந்த இடங்களிலேயே அந்த முன்னேற்றங்கள் நிலைத்தன. ஒவ்வொரு மூட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே வெல்டரின் அடையாளமும் படத்தின் முடிவும் தேதியும் ஏற்கெனவே பதிவாகின்றன. அந்தப் பதிவேட்டின் பிரதி ஒன்று, குழாய் செல்லும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் இருக்க வேண்டும் என்று விதி செய்வதற்குப் புதிய உலோகமோ புதிய யந்திரமோ தேவையில்லை. 1864-இல் கல்கத்தாவில் தொடங்கிய காரியத்தை வயல்வரப்பு வரை கொண்டுசெல்லும் உறுதி ஒன்றே அதற்குப் போதும்.